நடுவில் எலும்பு இருக்கும்போது சீழ் எப்படி இடுப்புக்குள் போகும்?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். அப்பாவுக்கு 61 வயது, பத்து வருஷமாக இனிப்பு நீர் (சர்க்கரை நோய்). இடுப்பு வலி என்று ஒரு கிளினிக்கில் வலது பக்கம் ஊசி போட்டு மூன்று வாரம் ஆகிறது. அந்த இடம் கல் மாதிரி இறுகிக்கொண்டே வந்தது, ஆனால் தோல் சிவக்கவில்லை, முகமும் வைக்கவில்லை. காய்ச்சல் விட்டு விட்டு வந்தது, இப்போது காலை நீட்டிப் படுக்க முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து சிடி ஸ்கேன் எடுத்தவர்கள், "பிட்டத்தில் ஆழத்தில் சீழ், கொஞ்சம் இடுப்புக்குள்ளேயும் போயிருக்கு, தொடைப் பக்கமும் இறங்கியிருக்கு, நாளைக்கு ஆப்பரேஷன்" என்று சொல்லிவிட்டார்கள். நீங்கள் கேட்டிருப்பது, "நடுவில் அவ்வளவு பெரிய எலும்பு இருக்கே, சீழ் எப்படி உள்ளே போகும்?" என்று. ஆனால் கடைசி வரியில், அத்தை மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டு "பழுக்கட்டும், பழுத்தால் தானே உடையும், எதுக்குக் கத்தி" என்று சொல்வதையும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் நீங்கள் உண்மையில் கேட்பது எலும்பைப் பற்றி இல்லை. ஸ்கேனில் சொன்னது நடக்கக்கூடிய காரியம்தானா, இன்னும் நாலு நாள் பொறுத்துப் பார்க்கலாமா என்பதுதான் கேள்வி. இரண்டாவதற்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: பொறுக்க வேண்டாம். ஏன் என்பதற்குத்தான் மற்றதெல்லாம்.

நான் சர்ஜன் இல்லை, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். கோலாலம்பூரில் அரசாங்க ஆஸ்பத்திரியில் முப்பது வருஷத்துக்கு மேல் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன், அதில் பெரும்பகுதி சர்ஜரி வார்டிலும் ஆப்பரேஷன் தியேட்டரிலும். எங்கள் அப்பா காலத்தில் தோட்டத்தில் இந்த வேலைக்கு டிரஸர் என்று பெயர். கத்தி பிடித்தது டாக்டர்கள், விளக்கைத் திருப்பிக் கொடுத்ததும் மறுநாளிலிருந்து தினமும் கட்டு மாற்றியதும் நாங்கள். பிட்டத்துக் கட்டிகளை எண்ணிப் பார்த்ததில்லை, ஆனால் அந்தத் துவாரத்துக்குள் ரிப்பன் காஸை (நாடா மாதிரி நீளமான கட்டுத் துணி) நுழைத்து நுழைத்து இன்னும் போகிறதே, இன்னும் போகிறதே என்று மலைத்துப்போன நாள்கள் நிறைய. அதனால் சீழ் எந்த வழியில் போகும் என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். உங்கள் அப்பாவுக்கு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை ஸ்கேனைப் பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும், இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சொல்வது சரியாகாது.

சரி, எலும்புக்கு வருவோம். இடுப்பெலும்பை நாம் ஒரு சட்டி மாதிரி, சுற்றிலும் அடைத்த பாத்திரமாக நினைத்துக்கொள்கிறோம். அது அடைத்த பாத்திரம் இல்லை. முதுகெலும்பின் அடியில் முக்கோணமாக ஓர் எலும்பு இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் இடுப்பெலும்பின் பின்விளிம்பில் பெரிய வளைவு ஒன்று உண்டு. அந்த வளைவையும் முக்கோண எலும்பையும் தசைநார்கள் கட்டிச் சேர்க்கும்போது நடுவில் ஒரு வாசல் உண்டாகிறது, பக்கத்துக்கு ஒன்று. காலுக்குப் போகிற சயாட்டிக் நரம்பு, நம் உடம்பிலேயே தடிமனான நரம்பு, ஏறக்குறைய விரல் தண்டி இருக்கும், அது இடுப்புக்குள்ளிருந்து பிட்டத்துக்கு வருவது இந்த வாசல் வழியாகத்தான். பிட்டத்துத் தசைக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்களும் இதே வழிதான். பிரிஃபார்மிஸ் என்று ஒரு தசை முக்கோண எலும்பின் உள்பக்கத்தில் தொடங்கி, இந்த வாசல் வழியே வெளியே வந்து தொடையெலும்பின் தலைமாட்டில் போய் ஒட்டுகிறது. அதாவது ஒரே தசையின் ஒரு முனை இடுப்புக்குள்ளே, மறு முனை வெளியே. அதற்கு மேலும் கீழும் சந்து இருக்கிறது, சந்தில் இளகிய கொழுப்பு இருக்கிறது. நரம்பும் ரத்தக்குழாயும் போகிற இடத்தில் சீழுக்கு மட்டும் கதவு அடைத்தா இருக்கும்? எலும்பைத் துளைத்துக்கொண்டு போக வேண்டிய அவசியமே அதற்கு இல்லை.

இப்போது பிட்டத்தின் பக்கம் இருந்து பாருங்கள். மேலே தோல், அதன் கீழே கொழுப்பு, சிலருக்கு இரண்டு மூன்று இன்ச்சு கூட இருக்கும். அதற்குக் கீழே குளூட்டியஸ் மேக்ஸிமஸ் என்ற பெரிய தசை, நாம் உட்கார்ந்து எழுகிற தசை. அதன் மேல் கெட்டியான ஓர் உறை. இந்தப் பெரிய தசையைத் தூக்கிப் பார்த்தால் அதன் அடியில் ஓர் இளகிய தளம், அங்கேதான் சயாட்டிக் நரம்பு, பிரிஃபார்மிஸ், நான் சொன்ன வாசல் எல்லாம் இருக்கின்றன. சீழ் இந்தத் தளத்தில் உண்டானால் அதற்கு மேலே வர கெட்டித் தசை, உறை, கொழுப்பு, தோல் என்று நாலு பூட்டு. பக்கவாட்டில் ஒரு பூட்டும் இல்லை. கீழே பெரிய தசையின் அடி விளிம்பைத் தாண்டினால் நரம்போடு நரம்பாக தொடையின் பின்பக்கம், அப்படியே முழங்கால் மடிப்பு வரைகூட இறங்கலாம். மேலே உள்ளே போனால் இடுப்பு. உங்கள் அப்பாவுக்குச் சொன்ன இரண்டு திசைகளும் இவைதான், ஸ்கேனில் சொன்னதில் அதிசயம் எதுவும் இல்லை. நம் ஊரில் ஆற்றின் மேல்பக்கம் கோம்பாக்கில் மழை கொட்டினால் நகர நடுவில் மஸ்ஜித் ஜாமெக்கில் தண்ணீர் ஏறுகிறது, அங்கே ஒரு துளி தூறல்கூட விழுந்திருக்காது. வீக்கம் தெரிகிற இடம் வேறு, கோளாறு தொடங்கிய இடம் வேறு, முடிகிற இடம் இன்னொன்று. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

அத்தை சொல்கிற "பழுக்கும்" என்பது பொய் இல்லை, மேல்தோலில் வருகிற கட்டிக்கு அது பொருந்தும். மயிர்க்காலில் வருகிற சூட்டுக்கட்டி சிவந்து, மஞ்சளாக முகம் வைத்து, உடைந்து, ஆறிவிடும், அதைப் பார்த்துத்தான் நம் பெரியவர்கள் பற்றுப் போடப் பழகினார்கள். ஆழத்துக் கட்டி அப்படி முகம் வைக்காது. தோல் வரைக்கும் சீழ் வந்து சேரும்போது அது உள்ளே மூன்று பக்கம் போய்விட்டு வந்திருக்கும். விரலை வைத்து அழுத்தினால் தண்ணீர்ப் பை மாதிரி தளும்புமே, அதுவும் இதில் கிடைக்காது, கல் மாதிரி அல்லது மரக்கட்டை மாதிரி இருக்கும். வெப்ப நாடுகளில் தசைக்குள்ளேயே சீழ் பிடிக்கிற நோய் ஒன்று உண்டு, பையோமையோசைட்டிஸ் என்பார்கள், பெரும்பாலும் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற கிருமிதான் காரணம், தொடையும் பிட்டமும்தான் அதற்குப் பிடித்த இடங்கள். அதன் முதல் கட்டத்தில் ஊசி விட்டு உறிஞ்சினால்கூடச் சீழ் வராது, வெறும் வலியும் இறுக்கமும்தான். அடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் சீழ் சேர்ந்து காய்ச்சல் ஏறும். அதையும் விட்டால் மூன்றாவது கட்டம், ரத்தத்தில் கலந்து ஆளைப் படுக்கப்போட்டுவிடும். தோல் சிவக்கவில்லையே என்று ஆறுதலடைகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவது கட்டத்தில் இருப்பவர்கள்.

ஓர் ஆளை இன்னும் மறக்க முடியவில்லை. லாரி ஓட்டுகிறவர், ஐம்பது வயது இருக்கும், இனிப்பு நீர் இருப்பதே அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு கையை ஊன்றிக்கொண்டுதான் உட்கார்வார். நரம்பு வலி என்று சொல்லி ஒரு மாதமாக இரண்டு இடத்தில் மருந்து, ஓர் இடத்தில் உருவி விடுதல் வேறு. தியேட்டரில் டாக்டர் பெரிய தசையின் நார்களைப் பிரித்து விரலை உள்ளே விட்டதும் பால் கட்டியது மாதிரி வழிந்து, உறிஞ்சும் பாட்டிலில் பாதிக்கு வந்தது. சரி, முடிந்தது என்று நினைத்தோம். டாக்டர் விரலை எடுக்காமல், "கொஞ்சம் காலை மடக்கு" என்றார். நான் முழங்காலைப் பிடித்து மடக்கினேன், தொடைக்குள்ளிருந்து இன்னொரு மடை திறந்த மாதிரி மறுபடியும் பொங்கி வந்தது. நீட்டினால் நின்றது, மடக்கினால் வந்தது. அன்றைக்குத் தொடையில் தனியாக ஒரு கீறல் போட்டு, மேலே விட்ட குழாயைக் கீழே எடுத்தார்கள். அந்த மனிதருடைய தொடையை வெளியே இருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது, தோல் சாதாரணமாக இருந்தது. உருவி விட்டதால்தான் பரவியதா என்று அவர் மனைவி கேட்டுக்கொண்டே இருந்தார். அப்படி அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் சீழ் பிடித்த தசையைப் பிசைவது நல்லதில்லை என்பது மட்டும் நிச்சயம், அதனால் உங்கள் வீட்டில் யாராவது எண்ணெய் போட்டு உருவலாம் என்று கிளம்பினால் தடுத்துவிடுங்கள்.

சயாட்டிக்கா, அதாவது வெறும் சயாட்டிக் நரம்பு வலி, என்று ஏமாறுவது இதில் சகஜம், ஏனென்றால் அதே நரம்பின் மேல்தான் சீழ் உட்கார்ந்திருக்கிறது. வலி பின்தொடையில் இறங்கும், சிலருக்குப் பாதம் மரக்கும், அபூர்வமாக முன்பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கிப்போகும். வெறும் நரம்பு வலிக்குக் காய்ச்சல் வராது, இதுதான் எளிமையான வித்தியாசம். இனிப்பு நீர்க்காரர்களுக்குக் காய்ச்சல்கூட மங்கலாகத்தான் அடிக்கும், அதற்குப் பதிலாகக் காரணமே இல்லாமல் சர்க்கரை 18, 20 (mmol/L கணக்கில்) என்று ஏறி, மாத்திரைக்கு இறங்காமல் நிற்கும். உடம்பில் எங்கோ சீழ் இருக்கிறது என்று சர்க்கரைதான் முதலில் காட்டிக்கொடுக்கும். அப்பா காலை நீட்ட முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, வெறும் வலியால் காலை மடக்கியே வைத்திருக்கிறார். இன்னொன்று, இடுப்பின் உள்சுவரில் முதுகெலும்பிலிருந்து தொடைக்கு ஓடுகிற சோவாஸ் என்ற தசை வரைக்கும் சீழ் தொட்டிருக்கிறது, அந்தத் தசை கெட்டால் ஆள் காலைச் சுருட்டியே வைத்திருப்பார், நீட்டினால் உயிர் போகிற மாதிரி வலிக்கும். எது என்று படம்தான் சொல்லும். இதை டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அது முக்கியம். வாசல் என்றால் இரண்டு பக்கமும் போகலாம். பிட்டத்தில் தெரிகிற சீழ் சில சமயம் பிட்டத்தில் பிறந்ததே இல்லை, இடுப்புக்குள்ளிருந்து வெளியே வந்தது. வெடித்த குடல்வால், பெருங்குடலில் ஓட்டை விழுந்தது, மலக்குடல் புற்று, இடுப்பெலும்பும் முக்கோண எலும்பும் சேர்கிற மூட்டில் காசநோய், இவையெல்லாம் அந்த வாசல் வழியாகப் பிட்டத்தில் வந்து கட்டியாக நிற்கலாம். காசநோய்க் கட்டி சுடாது, சிவக்காது, மாதக்கணக்கில் மெதுவாகப் பெரிதாகும், அதனால் அதைக் குளிர்ந்த கட்டி என்பார்கள். நம் நாட்டில் காசநோய் இன்னும் ஒழியவில்லை, ஆகவே சீழை எடுத்தால் அதற்கும் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். ஸ்கேன் எடுக்காமல் வெளியே மட்டும் கீறிவிட்டு அனுப்பினால், உள்ளே ஊற்று அப்படியே இருக்கும், இரண்டு வாரத்தில் திரும்பி வரும். உங்கள் அப்பாவுக்கு முதலிலேயே ஸ்கேன் எடுத்தது நல்ல காரியம். "இவ்வளவு சின்னக் கட்டிக்கு எதுக்கு ஸ்கேன்" என்று நினைக்காதீர்கள்.

ஆசனவாய்ப் பக்கத்திலிருந்து பரவுகிற கதை தனி. ஆசனவாய்க்குள்ளே ஏறக்குறைய ஓர் இன்ச்சு மேலே சிறு சுரப்பிகள் இருக்கின்றன, அவற்றின் வாய் அடைபட்டுக் கிருமி பிடித்தால் இரண்டு சுருக்குத் தசைகளுக்கு நடுவில் சீழ் சேர்கிறது. இந்தப் பகுதியில் வருகிற கட்டிகளில் பத்துக்கு ஒன்பது இப்படித் தொடங்குபவைதான். அங்கிருந்து கீழே இறங்கினால் ஆசனவாய் ஓரத்தில் கட்டி, அதுதான் அதிகம். வெளித் தசையைத் துளைத்தால் பக்கத்தில் கொழுப்பு நிரம்பிய பெரிய குழிக்குள் கொட்டும், அந்தக் குழி நிறைய இடம் கொடுக்கும், அதனால் நிறையச் சேர்ந்த பிறகுதான் பிட்டத்தின் உள்பக்கத்தில் வீக்கம் தெரியும். இடது வலது குழிகள் இரண்டும் ஆசனவாய்க்குப் பின்னால் வால் எலும்புக்கு முன்னால் ஓர் இடுக்கு வழியாகச் சேர்கின்றன, சீழ் அந்த வழியே சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனால் குதிரை லாடம் மாதிரி இரண்டு பக்கமும் கட்டி. மேலே ஏறினால் இடுப்புத் தளத் தசைக்கு மேல், அங்கே போனால் வெளியே ஒன்றும் தெரியாது, மலம் கழிக்கும்போது ஆழத்தில் வலியும் காய்ச்சலும்தான். கீறி விட்ட பிறகும் மூன்றில் ஒருவருக்காவது, சிலர் கணக்கில் பாதிப் பேருக்கு, உள்ளேயிருந்து வெளியே ஒரு புரை நின்றுவிடும், அதைத்தான் பவுந்திரம் என்கிறோம். நம் ஆள்கள் இதை மூலம் என்று நினைத்து வருஷக்கணக்கில் மூலத்துக்கு மருந்து சாப்பிடுவார்கள். நீங்கள் சொல்கிற இடத்தை வைத்துப் பார்த்தால் அப்பாவுக்கு இந்த வகை மாதிரித் தெரியவில்லை, ஆனால் சர்ஜன் கையுறை போட்டு ஒரு விரல் பரிசோதனை செய்துவிட்டுத்தான் அதை ஒதுக்குவார், அப்பா வெட்கப்பட்டு மறுக்காமல் இருக்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றிலும் வேகமானது தோலுக்கடியில் உறை வழியாகப் பரவுவது. அதில் சீழ் சேர்ந்து நிற்பதில்லை, திசுவே செத்துக்கொண்டு போகிறது. பிட்டத்திலோ ஆசனவாய் ஓரத்திலோ தொடங்கி விதைப்பைக்கும், அங்கிருந்து அடிவயிற்றின் தோலுக்கும் மணிக்கணக்கில் ஏறும். இதற்கு 1883இல் விவரம் எழுதிய பாரிஸ் டாக்டர் ஃபூர்னியேயின் பெயரை வைத்திருக்கிறார்கள். விதைப்பைத் தோல் கறுத்துப்போகும், ஆனால் உள்ளே விதைகள் பெரும்பாலும் பிழைத்துவிடும், அவற்றுக்கு ரத்தம் வயிற்றுக்குள்ளிருந்து தனி வழியில் வருவதால். முதல் அடையாளம் என்னவென்றால், பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது, வலி மட்டும் தாங்க முடியாமல் இருக்கும். அப்புறம் தோல் செம்பு நிறமாகி, ஊதா ஆகி, தொட்டால் அப்பளம் நொறுங்குகிற மாதிரி உள்ளே நறநறக்கும், நாற்றம் வரும், ஆள் குழம்பிப் பேசுவார். இப்படி எதுவும் ராத்திரி தெரிந்தால் காலை வரை காத்திருக்காமல் வார்டு மிஸ்ஸியை (நர்ஸை) கூப்பிடுங்கள், வீட்டில் இருந்தால் நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் குடிமக்களுக்கு எமர்ஜென்சியில் பார்க்க ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான், அதற்காகத் தயங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். இன்னொன்று, சிறுநீர் வழியாகச் சர்க்கரையைத் தள்ளுகிற வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த நோய் அபூர்வமாக வரலாம் என்று 2018இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. ஆப்பரேஷனுக்கு முன்னால் அந்த வகையை வேறு காரணத்துக்காகவும் நிறுத்துவார்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், அப்பாவின் மாத்திரை அட்டைகளை அப்படியே பையில் போட்டுக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

ரத்தம் வழியாகப் பரவுவது கடைசி வழி, ஆனால் மலேசியாவில் அதைத் தலைகீழாகவும் யோசிக்க வேண்டும். ஸ்டெஃபிலோகாக்கஸ் பிட்டத்திலிருந்து ரத்தத்தில் ஏறி நுரையீரலுக்கும் இதய வால்வுக்கும் முதுகெலும்புக்கும் போகலாம், உண்மைதான். அதைப் போலவே, வேறெங்கோ உள்ளே நுழைந்த கிருமி ரத்தம் வழியாக வந்து தசையில் சீழ் வைக்கவும் செய்யலாம். நம் மண்ணிலும் சேற்றுத் தண்ணீரிலும் இருக்கிற மெலியோயிடோசிஸ் கிருமி அப்படிப்பட்டது, இனிப்பு நீர்க்காரர்களைத்தான் தேடிப் பிடிக்கும், கல்லீரல், மண்ணீரல், ஆண்களுக்கு புரோஸ்டேட், தசை என்று பல இடத்தில் ஒரே சமயம் சீழ் வைக்கும். இந்த நோயை முதலில் கண்டுபிடித்து 1912இல் எழுதியவர்கள் ரங்கூனில் இருந்த விட்மோரும் கிருஷ்ணசாமியும், அவர்கள் பார்த்த பிணங்களில் பல மார்ஃபின் ஊசி போட்டுக்கொண்டவர்களுடையவை. அடுத்த வருஷமே நம் கோலாலம்பூரில் இருந்த மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூட முயல்களும் கினிப்பன்றிகளும் இதே கிருமியால் செத்தன, அதை ஆராய்ந்த ஸ்டான்டனும் ஃப்ளெட்சரும்தான் 1921இல் இந்தப் பெயரையே வைத்தார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. இதற்கு வேறு மருந்து, முதலில் நாள்கணக்கில் ரத்தக்குழாய் வழியாக, பிறகு மாதக்கணக்கில் மாத்திரை. சாதாரணக் கட்டிக்குக் கொடுக்கிற ஆண்டிபயாட்டிக் பல இதற்குச் செல்லாது, ஆய்வுக்கூடத்திலும் சொல்லி அனுப்பாவிட்டால் ஏதோ கலப்படக் கிருமி என்று தள்ளிவிட வாய்ப்பு உண்டு. அப்பா தோட்ட வேலை, லோங்காங் (சாக்கடை) சுத்தம், வெள்ளத்தில் இறங்கியது, இப்படி ஏதாவது கடந்த சில வாரங்களில் செய்திருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

ஊசியால்தான் வந்ததா என்று கோபமாகக் கேட்டிருக்கிறீர்கள். இருக்கலாம். ஊசி போட்ட அதே இடம், நாள் கணக்கும் ஒத்துவருகிறது. ஆனால் உறுதி என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் அவருக்கு முதலில் வந்த அந்த "இடுப்பு வலி"யே இந்தச் சீழின் தொடக்கமாக இருந்து, ஊசி அதற்குப் பின்னால் வந்திருக்கலாம். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பிட்டத்து ஊசிக்கு வழக்கமாக எடுக்கிற பச்சை மூடி ஊசி ஒன்றரை இன்ச்சு நீளம், பருத்தவர்களுக்கு அது தசைக்கே போய்ச் சேராமல் கொழுப்பில் மருந்தைக் கொட்டும், கொழுப்பில் ரத்த ஓட்டம் குறைவு, மருந்து அங்கேயே தேங்கி எரிச்சல் உண்டாக்கும், சர்க்கரை அதிகம் உள்ள உடம்பில் அதுவே கிருமிக்கு வீடாகிவிடும். போடுகிறவர் தவறே செய்யாமல்கூட இது நடக்கும். இந்த நாட்டில் 2023இல் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் என்று வந்தது, இந்தியர்களிடம் அது இன்னும் அதிகம், ஆகவே வலிக்கு ஊசி கேட்டு வாங்குகிற பழக்கத்தை நாம்தான் குறைத்துக்கொள்ள வேண்டும். மாத்திரை போதும் என்று டாக்டர் சொன்னால் "ஊசி போட்டால்தான் கேக்கும் டாக்டர்" என்று அடம் பிடிப்பது யார், நாம்தானே.

ஆப்பரேஷன் இல்லாமல் மருந்திலேயே சரியாகாதா என்றால், சீழ் கட்டிய பிறகு ஆகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மருந்து ரத்தத்தில் போகிறது, சீழ்ப் பைக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. மிகச் சிறியதாக இருந்தாலோ, சீழ் சேருவதற்கு முன்னாலோ பிடித்தால் மருந்து மட்டும் போதுவது உண்டு, அப்பா அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். திறந்து கீறுவதா, ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி வழியாகக் குழாய் விடுவதா என்பதில்தான் டாக்டர்களுக்குள் கருத்து மாறும். ஒரே பையாக, தண்ணீராக இருந்தால் குழாய் நன்றாக வேலை செய்யும், அறை அறையாகத் தடுப்பு இருந்தால் விரலை விட்டு உடைத்தால்தான் வடியும், இடுப்புக்குள் இருக்கிறதற்கு ஒரு வழியும் பிட்டத்தில் இருக்கிறதற்கு இன்னொரு வழியும் சேர்த்துச் செய்வதும் உண்டு. இரண்டாவது தடவை தியேட்டருக்குக் கொண்டுபோனால் முதல் தடவை தவறாகச் செய்துவிட்டார்கள் என்று பயப்படாதீர்கள், ஆழத்துக் கட்டியில் அது வழக்கம். காய்ச்சல் நின்ற பிறகு மறுபடியும் ஏறினால், அல்லது குழாயில் திடீரென்று வடிவது நின்று வலி கூடினால், எங்கோ ஓர் அறை பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். நாளைக்குக் கேட்க வேண்டிய கேள்வி மூன்றுதான்: உள்ளே எதுவரை போயிருக்கிறது, சீழைக் கிருமிப் பரிசோதனைக்கும் காசநோய்க்கும் அனுப்புகிறீர்களா, இது குடலிலிருந்து வந்ததா இல்லையா என்று பார்த்தாகிவிட்டதா.

புண்ணைத் தைக்க மாட்டார்கள், திறந்தே விடுவார்கள், அதைப் பார்த்து அம்மா அழுவார். அது அடியிலிருந்து ஆறி மேலே வர வேண்டும், மேலே முதலில் மூடிக்கொண்டால் உள்ளே மறுபடியும் குளம் கட்டும். முதல் வாரத்தில் ஒரு முழம் காஸ் போகிற துவாரத்தில் மூன்றாவது வாரம் விரல் நீளம்தான் போகும், அந்தக் கணக்கைக் கட்டு மாற்றுகிறவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஒரு வாரமாகக் குறையவே இல்லை என்றால் டாக்டரிடம் சொல்ல அது உதவும். வீட்டுக்கு வந்த பிறகு பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார கிளினிக்கில்) கட்டு மாற்றிக்கொள்ளலாம். வலி மருந்தை அரை மணி நேரத்துக்கு முன்னால் கொடுத்துவிட்டுக் கூட்டிப் போங்கள். சர்க்கரை இறங்காமல் புண் ஆறாது. வார்டில் சோறு பிடிக்கவில்லை என்று வெளியே ரொட்டி சானாயும் தே தாரிக்கும் வாங்கிக் கொடுப்பதை மட்டும் செய்யாதீர்கள்.

அத்தையோடு சண்டை வேண்டாம், அவர் பாசத்தில் போட்டது. ஆனால் அந்தப் பற்றை இன்றைக்கு ராத்திரியே வெதுவெதுப்பான தண்ணீரில் மெதுவாக, தேய்க்காமல் கழுவி எடுத்துவிடுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்று உங்களுக்குத் தெரியும், குங்குமமே அப்படித்தான் செய்கிறோம். காலையில் ரவுண்டு வருகிற டாக்டர் அந்த இடத்தில் சிவப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்று பேனாவால் கோடு போட்டுப் பார்ப்பார், அவர் பார்க்கிற சிவப்பு தோலுடையதாக இருக்க வேண்டும்.